ஒரே திருமுழுக்கு, வேறு வேறு பீடங்கள்: கிறிஸ்தவ ஒன்றிப்பும் யாழ்ப்பாணக் கத்தோலிக்கமும்

குருநகர் புனித யாகப்பர் ஆலயத்திலிருந்து சுண்டிக்குழி அங்கிலிக்கன் ஆலயம் நடந்து போகக்கூடிய தூரந்தான். இரண்டிலும் சொல்லப்படுவது ஒரே விசுவாசப் பிரமாணம். ஒன்றில் பெற்ற திருமுழுக்கு மற்றதிலும் செல்லும். செத்தவீடு, கலியாணவீடு, பாடசாலை விளையாட்டுப் போட்டி, நத்தார்க் கரோல் என்று எல்லாவற்றிலும் இரு தரப்பும் கலந்து நிற்கின்றன. ஞாயிறு காலையில் மட்டும் வழி பிரிகிறது. கத்தோலிக்கப் பீடத்தில் மற்றச் சபையார் நற்கருணை பெற முடியாது. மற்றச் சபைகளின் திருவிருந்தில் பங்குகொள்ளக் கத்தோலிக்கருக்கு அனுமதி இல்லை.

கிறிஸ்தவர்கள் ஒன்றாக வேண்டும் என்பதை மேடையில் மறுப்பவர் இல்லை. எப்படி ஒன்றாவது என்பதில்தான் ஐந்நூறு ஆண்டுச் சிக்கல். உரோமைக்குத் திரும்பி வருவதா, எல்லோரும் சேர்ந்து புதிய சபையொன்றை அமைப்பதா, அவரவர் இடத்தில் இருந்தபடியே கூடிச் செபிப்பதா, கோட்பாடுகளைப் பேசித் தீர்ப்பதா, கோட்பாட்டை ஒரு புறம் வைத்துவிட்டு ஏழைகளுக்காகச் சேர்ந்து உழைப்பதா? ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு காலமும் ஒரு பிறப்பிடமும் ஒரு பலவீனமும் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபை இவற்றுள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்து வந்திருக்கிறது. சிலவற்றை ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டும் இருக்கிறது.

அந்த நகர்வை வத்திக்கான் ஆவணங்களைக் கொண்டு மட்டும் அளப்பதே வழக்கம். யாழ்ப்பாணத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. ஒல்லாந்தர் காலத்து நினைவு, ஊரும் சாதியும், நீண்ட போர் ஆகிய மூன்றும் இங்கே கோட்பாட்டளவுக்கு வேலை செய்திருக்கின்றன. சில வேளை அதைவிடக் கூடுதலாகவும் செய்திருக்கின்றன.

ஒல்லாந்தர் விட்டுப்போன நினைவு

1619 இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் வசமானபோது கத்தோலிக்கம் ஆட்சியாளரின் சமயமாயிற்று. 1658 இல் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு மாறியதும் அதே கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்ட சமயமாயிற்று. குருமாருக்கு ஒளிவிடம் கொடுப்போருக்கு மரணதண்டனை என்று கட்டளை பிறந்தது. போர்த்துக்கேயர் கட்டிய ஆலயங்கள் சீர்திருத்த சபையின் வழிபாட்டிடங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாறின. 1658 முதல் 1665 வரை இங்கே போதகராக இருந்த பிலிப்பஸ் பால்தேயஸ் 1672 இல் வெளியிட்ட நூல் அந்தக் காலத்துக்கு முக்கியச் சான்று. உத்தியோகமும் சொத்துரிமையும் சபைப் பதிவோடு பிணைந்திருந்தன. ஆகவே பெயரை அரசாங்கச் சபையில் எழுதிவிட்டு, வீட்டுக்குள் செபமாலை சொல்லி வாழ்ந்தோர் பலர்.

1687 இல் கோவாவைச் சேர்ந்த யோசப் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து, சில்லாலையில் மறைந்திருந்து இரவுகளில் பணியாற்றினார். ஒல்லாந்தரின் தேடுதலுக்குத் தப்பி அவர் போய்ச் சேர்ந்தது கண்டி இராச்சியம். முதலில் அவரைச் சிறைவைத்த அந்த அரசே பின்னர் அவருக்குப் பாதுகாப்பும் கொடுத்தது. 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இலங்கைக் கத்தோலிக்கரின் முதற் புனிதர் கதையில் துரத்தியவர்கள் கிறிஸ்தவர்கள், காப்பாற்றியவர் பௌத்த அரசர். ஒன்றிப்பு மேடைகளில் இந்தச் சங்கடத்தை யாரும் உரத்துச் சொல்வதில்லை.

இந்த நினைவு நியாயமானது. ஆனால் இன்று அது போய்ச் சேரும் முகவரி பிழை. தடை 1806 இல் ஆங்கிலேயரால் நீக்கப்பட்டது. இப்போதுள்ள புரட்டஸ்தாந்து சபைகள் 1814 இல் இலங்கைக்கு வந்த மெதடிஸ்தர், 1816 இல் வந்த அமெரிக்க மிசனரிகள், 1818 முதல் நல்லூரில் பணியாற்றிய அங்கிலிக்கன் மிசனரிகள் ஆகியோரின் வழிவந்தவை. ஒல்லாந்தரின் அடக்குமுறைக்கும் இவர்களுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. கோட்டைக்குள் 1706 இல் ஒல்லாந்தர் எழுப்பிய சிலுவை வடிவத் தேவாலயமும் கடந்த போரில் தரைமட்டமாகிவிட்டது. கத்தோலிக்கர் தம் பக்கக் கணக்கையும் பார்க்க வேண்டும். போர்த்துக்கேயரின் வாளோடு வந்த திருமுழுக்குகளைச் சைவர்கள் இன்னும் மறக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாளுக்குப் பதில் அச்சுக்கூடம் வந்தது. அமெரிக்க மிசன் 1841 இல் ‘உதயதாரகை’யைத் தொடங்கியது. கத்தோலிக்கர் 1876 இல் ‘சத்தியவேத பாதுகாவலன்’ இதழை நிறுவினர். 1868 முதல் யாழ்ப்பாணத்தில் ஆயராயிருந்த பொஞ்சீன் ஆண்டகை துண்டுப்பிரசுரப் போரில் சளைக்காதவர். கத்தோலிக்கப் பிள்ளைக்குக் கத்தோலிக்கப் பாடசாலை என்ற கொள்கையை அரசோடு வாதாடி நிலைநிறுத்தியவரும் அவரே. அதே காலத்தில் கத்தோலிக்கர் தமக்குள்ளேயே கோவாக் குருமார், ஐரோப்பியக் குருமார் என்று இழுபறிப்பட்டுக்கொண்டிருந்தனர் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அந்தப் பாடசாலைப் போட்டியின் மிச்சம் இன்று புனித பத்திரிசியார் கல்லூரியும் யாழ்ப்பாணக் கல்லூரியும் மோதும் ‘பொன் அணிகளின் போர்’ கிரிக்கெட்டில் இருக்கிறது. அதில் தோற்றவரை யாரும் சபைநீக்கம் செய்வதில்லை.

‘திரும்பி வாருங்கள்’

கத்தோலிக்கத்தின் பழைய பதில் எளிமையானது. திருச்சபை ஒருபோதும் பிரியவில்லை. சிலர் அதைவிட்டுப் போனார்கள். போனவர்கள் திரும்பினால் ஒன்றிப்பு முடிந்தது. 1896 இல் பதின்மூன்றாம் சிங்கராயர் அங்கிலிக்கன் குருத்துவத் திருநிலைப்பாடு செல்லாதது என்று தீர்ப்பளித்தார். 1910 இல் எடின்பரோவில் கூடிய உலக மிசன் மாநாட்டில் உரோமை இல்லை. 1928 இல் பதினோராம் பத்திநாதர் விடுத்த சுற்றுமடல், சபைகளின் ஒன்றிப்புக் கூட்டங்களில் கத்தோலிக்கர் கலந்துகொள்வதைத் தடுத்தது. 1948 இல் ஆம்ஸ்ரர்டாமில் உலகத் திருச்சபைகளின் மன்றம் தொடங்கியபோது, அனுமதியின்றி எந்தக் கத்தோலிக்கரும் அங்கே போகக்கூடாது என்று முன்கூட்டியே எச்சரிக்கை வெளியாயிற்று.

அந்த ஆம்ஸ்ரர்டாம் தொடக்க வழிபாட்டில் பிரசங்கித்த இருவரில் ஒருவர் யாழ்ப்பாணத்தவர்: நாற்பது வயது மெதடிஸ்த போதகர் டி. ரி. நைல்ஸ். 147 சபைகளின் பிரதிநிதிகளுக்கு முன் ஒரு யாழ்ப்பாணத் தமிழர் பேசிக்கொண்டிருந்தபோது, அவருடைய சொந்த ஊர்க் கத்தோலிக்கர் பார்வையாளராகக்கூட அங்கே இருக்க முடியவில்லை. நைல்ஸ் பின்னர் கிழக்காசியக் கிறிஸ்தவ மாநாட்டின் பொதுச் செயலாளராகவும், 1968 இல் உலகத் திருச்சபைகள் மன்றத் தலைவர்களுள் ஒருவராகவும் உயர்ந்து, 1970 இல் வேலூரில் காலமானார். உலக ஒன்றிப்பு இயக்கத்துக்கு யாழ்ப்பாணம் கொடுத்த மிகப் பெரிய பெயர் அவருடையது. அந்தக் கொடையில் கத்தோலிக்கத்துக்குப் பங்கில்லை.

திரும்பி வருதல் என்ற வழிக்கு நம் பக்கத்தில் ஓர் உண்மையான எடுத்துக்காட்டும் உண்டு. 1930 இல் கேரளத்தில் மலங்கரை ஓர்த்தடொக்ஸ் சபைப் பேராயர் மார் இவானியோஸ் தம் ஆதரவாளர்களோடு உரோமையுடன் இணைந்தார். சீரோ மலங்கரைச் சபை அப்படித்தான் உருவாயிற்று. தம் வழிபாட்டு முறையைக் கைவிடாமலே இணைந்தது அதன் பலம். ஆனால் பின்னால் விட்டுவந்த சபைக்கு அது ஒன்றிப்பாகத் தெரியவில்லை. இன்னொரு பிரிவினையாகவே தெரிந்தது. 2009 இல் பதினாறாம் பெனடிக்ட் அங்கிலிக்கன் குழுக்களுக்குத் தனி அமைப்பு வகுத்தபோதும் இதே குறை மீண்டும் எழுந்தது.

கடல் கடந்த ஓர் ஐக்கியம்

இதற்கு நேரெதிரான வழியைச் சென்னையில் கண்டார்கள். 1947 செப்டெம்பர் 27 அன்று அங்கிலிக்கன், மெதடிஸ்த, பிரெஸ்பிற்றேரியன், கொங்கிரகேசனல் மரபுகள் கரைந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயின. ஆயர் முறை உள்ள சபையும் இல்லாத சபையும் ஓரமைப்பில் சேர்ந்தது சீர்திருத்தக் காலத்துக்குப் பின் பெரும் புதுமை. அமெரிக்க மிசனின் யாழ்ப்பாணச் சபைகள் அதன் ஒரு மறைமாவட்டமாகச் சேர்ந்தன. ச. குலேந்திரன் முதற் பேராயரானார். அவர் 1964 இல் கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் அருள் என்ற கருத்தை ஒப்பிட்டு எழுதிய நூல் இன்றும் மேற்கோளாகிறது. தமிழ் வேதாகமத்தின் வரலாற்றை எழுதியவரும் அவரே. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே எல்லைக்கோடு இறுகிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு சபை அதைக் கடந்து ஒன்றானது சிறிய காரியம் இல்லை.

ஆனால் யாழ்ப்பாணத்திலேயே அந்த ஐக்கியம் பாதிதான். இங்குள்ள மெதடிஸ்தரும் அங்கிலிக்கரும் அதில் சேரவில்லை. அவர்கள் கொழும்பை நோக்கிய தம் சபைகளிலேயே இருந்தனர். இலங்கை முழுவதற்கும் ஒரே சபை அமைக்கும் திட்டம் பல்லாண்டுப் பேச்சுக்குப் பின் 1970களின் தொடக்கத்தில் கைகூடும் கட்டத்துக்கு வந்தது. நீதிமன்ற வழக்கில் அகப்பட்டு நின்றுபோயிற்று. அமெரிக்க மிசன் மரபுச் சபையே 2000களில் இரண்டாகப் பிளந்தது. அமைப்புகளைக் கரைத்து ஒன்றாக்குவதே தீர்வு என்போர் பதில் சொல்லவேண்டிய இடம் இது: ஒன்றானவை மீண்டும் பிரியாமலிருக்க எது உறுதி?

கத்தோலிக்கர் இந்த முயற்சிகள் எதிலும் இல்லை. அழைக்கப்பட்டிருந்தாலும் வந்திருக்க மாட்டார்கள்.

1964க்குப் பின்

திருப்பம் உரோமையில் நடந்தது. இருபத்துமூன்றாம் யோவான் 1960 இல் கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான செயலகத்தை நிறுவிக் கர்தினால் பேயாவிடம் ஒப்படைத்தார். 1961 இல் புதுடில்லியில் கூடிய உலகத் திருச்சபைகள் மன்றப் பேரவைக்கு வத்திக்கானின் அதிகாரபூர்வப் பார்வையாளர் ஐவர் வந்தனர். கத்தோலிக்கம் இந்த இயக்கத்துக்குள் முறைப்படி கால்வைத்தது ஆசிய மண்ணில் என்பதை ஐரோப்பிய வரலாற்றாசிரியர் அவ்வளவாக அழுத்திச் சொல்வதில்லை. 1964 நவம்பர் 21 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஒன்றிப்பு பற்றிய விதித்தொகுப்பை 2137 வாக்குகளால் நிறைவேற்றியது, எதிர்த்தவை 11. பிரிவினைக்கு இரு பக்கத்திலும் குற்றம் உண்டு என்று அது ஒப்புக்கொண்டது. மற்றச் சபைகளிலும் மீட்பின் வழிகள் செயற்படுகின்றன என்றது. எல்லாக் கோட்பாடுகளும் ஒரே எடையுடையவை இல்லை என்ற ஒரு கொள்கையையும் வைத்தது. பின்வந்த உரையாடல்கள் அனைத்தும் இந்தக் கடைசிக் கருத்தின் முதுகில்தான் ஏறி வந்தன.

ஆயினும் உரோமை உலக மன்றத்தில் உறுப்பினராகவில்லை. 1965 இல் இரு தரப்புக் கூட்டுப் பணிக்குழு அமைந்தது. 1968 இல் விசுவாசம், ஒழுங்கு பற்றிய ஆணைக்குழுவில் கத்தோலிக்க இறையியலாளர் முழு உறுப்பினராயினர். 1969 இல் ஆறாம் சின்னப்பர் ஜெனீவாவுக்கே போனார். உறுப்புரிமைப் பேச்சு 1972 இல் ஒத்திவைக்கப்பட்டது. இன்றுவரை அப்படியே கிடக்கிறது. சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. கத்தோலிக்கம் தன்னைப் பல சபைகளுள் ஒன்றாக எண்ணிக்கொள்வதில்லை என்பது ஒன்று. அது சேர்ந்தால் தொகையால் மற்ற எல்லோரையும் அமிழ்த்திவிடும் என்பது மற்றது.

இரண்டாவது காரணத்தை இலங்கையில் நேராகவே காணலாம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி கத்தோலிக்கர் நாட்டு மக்களில் 6 விழுக்காட்டுக்குச் சற்று மேல். ஏனைய கிறிஸ்தவர் எல்லோரும் சேர்ந்து ஒன்றரை விழுக்காட்டுக்கும் குறைவு. தேசிய கிறிஸ்தவ மன்றத்தில் கத்தோலிக்கர் உறுப்பினர் இல்லை. ஆயர் பேரவையும் மன்றமும் தேவைப்படும்போது கூட்டறிக்கை விடுகின்றன. சேராமல் இருப்பதில் இரு தரப்புக்கும் ஒரு சௌகரியம் இருக்கிறது என்றே தோன்றுகிறது. சிறியவருக்கு அமிழ்ந்துபோகும் பயம் இல்லை. பெரியவருக்கு ஒரு வாக்கோடு சமமாக உட்காரும் கட்டாயம் இல்லை.

குண்டு விழுந்த கூரைகள்

வத்திக்கான் திறந்த கதவை யாழ்ப்பாணத்தில் அகலமாக்கியது சங்க ஏடுகள் என்பதைவிடப் போர் என்பதே பொருந்தும்.

1984 டிசெம்பரில் மன்னாரில் மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் கொல்லப்பட்டார். ஒரு மாதத்துக்குள், 1985 ஜனவரியில், அதே மாவட்டத்தின் வங்காலையில் கத்தோலிக்கக் குரு மேரி பஸ்ரியன் சுடப்பட்டார். 1986 ஜூன் 10 அன்று மண்டைதீவுக் கடலில் குருநகரைச் சேர்ந்த 31 மீனவர்கள் கொல்லப்பட்டனர். 1993 நவம்பர் 13 அன்று குருநகர் புனித யாகப்பர் ஆலயத்தின் மீது விமானப்படை குண்டு வீசியது. 1995 ஜூலை 9 அன்று நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோர் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, தென்மராட்சியிலும் வன்னியிலும் கூரை இருந்த இடமெல்லாம் தங்குமிடமாயிற்று. எந்தச் சபைக் கூரை என்று கேட்டு உள்ளே போனவர் இல்லை.

வெவ்வேறு சபையினர் ஒரே காரணத்துக்காகச் சிந்திய இரத்தம் அவர்களை ஏற்கெனவே ஒன்றாக்கிவிட்டது என்ற கருத்தை இரண்டாம் யோவான் பவுல் 1995 ஒன்றிப்புச் சுற்றுமடலில் தொட்டார்; பிரான்சிஸ் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். மன்னாரில் அடுத்தடுத்து விழுந்த போதகரும் குருவும் அந்தக் கருத்துக்கு எழுதிவைத்த சான்று போலிருக்கிறார்கள். கத்தோலிக்க ஆயர் தியோகுப்பிள்ளையும் தென்னிந்தியத் திருச்சபைப் பேராயர் அம்பலவாணரும் பதவியிலிருந்த காலமும் ஏறத்தாழ ஒன்றே: 1970களின் தொடக்கத்திலிருந்து 1990களின் தொடக்கம் வரை. யாழ்ப்பாணத்தில் இரு சபைத் தலைமைகளும் ஒருவரை ஒருவர் தேடிப் போகும் பழக்கம் வேரூன்றிய ஆண்டுகள் அவை.

இந்த வாதத்தின் பலவீனம் இரண்டு. நெருக்கடியில் பிறந்த ஒற்றுமை நெருக்கடியோடு முடிந்துவிடக்கூடும். போர் முடிந்த 2009க்குப் பின் கூட்டு வழிபாடுகள் பெரும்பாலும் ஜனவரி 18 முதல் 25 வரையான ஒன்றிப்புச் செப வாரத்துக்கும் நத்தார்க் கரோலுக்கும் சுருங்கியிருப்பது அந்த ஐயத்தை எழுப்புகிறது. இரண்டாவது கூடுதல் நெருடலானது. குருநகர்க் கத்தோலிக்கரும் நீர்கொழும்புக் கத்தோலிக்கரும் ஒரே நற்கருணை பெறுபவர்கள். போர் ஆண்டுகளில் குருநகரார் கண்ட உலகத்தைப் பகிர்ந்தவர்கள் யார் என்று கேட்டால், சுண்டிக்குழி அங்கிலிக்கரும் வட்டுக்கோட்டைத் தென்னிந்தியத் திருச்சபையாரும் என்பதே நேர்மையான பதில். ஆயர் பேரவையும் இன எல்லையைத் தாண்டி ஒரே குரலில் பேச முடியாமல் பல தடவை திணறியது.

கச்சதீவு இதையே வேறு விதமாகக் காட்டுகிறது. அந்தோனியார் திருவிழாவில் இராமேசுவரத்தாரும் வடபகுதி மீனவரும் ஒரே பீடத்தின் முன் மண்டியிடுகிறார்கள். திருவிழா முடிந்த வாரமே இழுவைமடிப் படகுகளால் வலை அறுந்த சண்டை தொடர்கிறது. ஒரே பீடம் கிடைத்துவிட்டால் மற்றவை தாமாகச் சரியாகும் என்ற எண்ணத்துக்கு இதைவிட நல்ல எதிர்ச்சான்று கிடைப்பது கடினம்.

கடற்கரையும் கல்லூரியும்

சபைப் பிரிவுகளுக்குக் கோட்பாட்டைவிட வர்க்கமும் இனமும் தொழிலுமே பெரிய காரணம் என்று 1929 இல் அமெரிக்க இறையியலாளர் றிச்சர்ட் நீபர் வாதிட்டார். யாழ்ப்பாணத்துக்கு அந்த வாதத்தைக் கொண்டுவந்தால் பல இடங்களில் பொருந்துகிறது. முன்னர் கரையூர் எனப்பட்ட குருநகர், பாசையூர், மன்னார்க் கரை என்று கடலோரத் தொழிலாளர் சமூகங்களில் கத்தோலிக்கம் ஆழ வேரூன்றியது. அமெரிக்க மிசன் 1823 இல் வட்டுக்கோட்டையிலும் 1824 இல் உடுவிலிலும் கல்வி நிலையங்களை எழுப்பி, உள்நாட்டு வேளாண் குடும்பங்களிலிருந்து ஆங்கிலம் படித்த ஒரு நடுத்தர வர்க்கத்தை உருவாக்கியது. ஒரு பக்கம் வள்ளமும் வலையும், மறு பக்கம் உத்தியோகமும் ஓய்வூதியமும். இரண்டு திருச்சபைகளுக்கிடையில் இருந்தது இலத்தீனும் லூத்தரும் மட்டும் என்று சொன்னால் ஊரார் சிரிப்பார்கள்.

ஆனால் நீபரை முழுதாக ஏற்கவும் முடியாது. இளவாலை, சில்லாலை போன்ற கமக்கார ஊர்களில் கத்தோலிக்கம் நெடுங்காலமாக வலுவாக இருக்கிறது. ஒரே சபைக்குள்ளும் சாதிவாரியான ஆலயங்களும் வாங்குகளும் இருந்த வரலாறு கத்தோலிக்கருக்கும் உண்டு, புரட்டஸ்தாந்தருக்கும் உண்டு. சாதி சபைகளுக்கு இடையில் மட்டும் ஓடவில்லை. ஒவ்வொரு சபைக்குள்ளும் ஓடியது. இரு சபைகளும் நாளையே இணைந்தாலும் அந்தக் கோடு அழிந்துவிடும் என்று நினைக்க ஆதாரம் இல்லை.

இலங்கைக் கத்தோலிக்கச் சிந்தனையாளர் சிலர் இந்த இடத்திலிருந்தே தொடங்கினர். 1971 இல் சமூகத்துக்கும் சமயத்துக்குமான நிலையத்தை நிறுவிய திஸ்ஸ பாலசூரிய அடிகள், நீதியற்ற சமூகத்தில் நற்கருணைக் கொண்டாட்டமே பொருளிழக்கிறது என்று வாதிட்டார். களனியில் 1974 இல் துலானா நிலையத்தைத் தொடங்கிய அலோசியஸ் பீரிஸ் அடிகளின் பார்வையில், ஆசியாவின் வறுமையும் சமயப் பன்மையும்தான் முதற் கேள்வி. சபைகளின் உட்சிக்கல் அதற்குப் பின்னால் வருவது. இந்தப் பார்வை யாழ்ப்பாணத்துக்கு நன்றாகவே பொருந்தும், ஏனென்றால் இங்கே கிறிஸ்தவர் எல்லோரும் சைவப் பெரும்பான்மைக்கு நடுவே ஒரு சிறுபான்மை. அதன் குறை, பிரச்சினையைப் பெரிதாக்கி மூலக்கேள்வியைக் கரைத்துவிடுவது. பாலசூரிய 1997 இல் சபைநீக்கம் செய்யப்பட்டு அடுத்த ஆண்டு மீண்டும் சேர்க்கப்பட்ட நிகழ்வு, இத்தகைய சிந்தனைக்கு உரோமை எவ்வளவு கயிறு விடும் என்பதையும் காட்டியது.

தாள்களில் நெருக்கம், வீடுகளில் தயக்கம்

கோட்பாட்டு உரையாடல் வெறும் பேச்சாகப் போய்விட்டது என்று சொல்வது அநியாயம். திருமுழுக்கு, நற்கருணை, திருப்பணி பற்றிய 1982 லீமா ஆவணத்தில் கத்தோலிக்கரும் பங்கெடுத்தனர். மனிதர் இறைவன் முன் நீதிமானாவது எப்படி என்ற லூத்தர் காலத்துச் சண்டையில், 1999 ஒக்டோபர் 31 அன்று ஔக்ஸ்பேர்க்கில் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் பொது அறிக்கையில் கையெழுத்திட்டனர். மெதடிஸ்தர் 2006 இலும் சீர்திருத்த மரபினர் 2017 இலும் அதில் இணைந்தனர். ஆக, யாழ்ப்பாணத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் துண்டுப்பிரசுரம் அடித்துச் சண்டைபிடித்த பொருள்களில் ஒன்று தாளளவில் தீர்ந்துவிட்டது. தீர்ந்த செய்தி பங்குகளை எட்டியிருக்கிறதா என்பது வேறு விடயம். அதற்கிடையில் 2000 ஆம் ஆண்டு வத்திக்கான் வெளியிட்ட ‘தோமினுஸ் யேசுஸ்’ அறிக்கை, செல்லுபடியான ஆயர் மரபும் நற்கருணையும் இல்லாத சமூகங்களை உரிய பொருளில் திருச்சபைகள் என்று அழைக்க முடியாது என்று கூறி, பழைய புண்ணைக் கிளறியது.

தமிழில் கண்கூடான பலன் விவிலியம். 1995 இல் வெளியான திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் சேர்ந்து செய்த வேலை. கத்தோலிக்க ஆலயங்கள் அதை வழிபாட்டில் ஏற்றுக்கொண்டன. புரட்டஸ்தாந்து சபைகளில் பெரும்பாலானவை தாம் மனப்பாடம் செய்து வளர்ந்த பழைய வேதாகமத்தை விடவில்லை. சேர்ந்து மொழிபெயர்த்தாயிற்று, சேர்ந்து வாசிப்பது பாதியில் நிற்கிறது.

உண்மையான அழுத்தம் விழும் இடம் கலப்பு மணம். 1970 இல் ஆறாம் சின்னப்பர் விதிகளைத் தளர்த்தினார். மற்றத் தரப்பு எழுதிக்கொடுக்க வேண்டிய பழைய வாக்குறுதி போயிற்று. பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க இயன்றதெல்லாம் செய்வேன் என்று கத்தோலிக்கத் தரப்பு மட்டும் உறுதி கூறவேண்டும். இதன் பின்னும் ஒரே மேசையில் சோறு உண்ணும் கணவனும் மனைவியும் ஒரே பீடத்தில் அப்பம் பெற முடியாத நிலை தொடர்கிறது. கடும் தேவை உள்ள தனி நிகழ்வுகளில் விதிவிலக்கு உண்டு. அது விதிவிலக்காகவே இருக்கிறது. நற்கருணை ஒற்றுமையின் அடையாளமா, ஒற்றுமைக்கான வழியா என்பதே அடிப்படைக் கருத்து வேறுபாடு. உரோமை முதலாவதை அழுத்துகிறது. பெரும்பாலான புரட்டஸ்தாந்தர் இரண்டாவதை. இரண்டுக்கும் வேதாகம ஆதாரம் காட்ட முடிவதால் வாதம் எளிதில் முடியாது.

புதிதாக வந்தவர்கள்

மேலே சொன்ன எல்லா வரைபடங்களும் ஒரு பெரிய கூட்டத்தை விட்டுவிடுகின்றன. 1920களில் கொழும்பில் தொடங்கிய பெந்தெகொஸ்தே மிசன் முதல் போருக்குப் பின் பெருகிய சுயாதீன சபைகள் வரை, இன்று யாழ்ப்பாணத்தில் வேகமாக வளரும் கிறிஸ்தவம் அது. கத்தோலிக்கரும் பழைய புரட்டஸ்தாந்தரும் அவர்கள் விடயத்தில் ஒரே மனத்தாங்கலைப் பகிர்கிறார்கள்: எங்கள் மந்தையிலிருந்து ஆட்களை இழுக்கிறார்கள். பழைய எதிரிகளை நெருக்கமாக்கியதில் இந்தப் புதியவர்களுக்கும் பங்கு உண்டு என்று சொன்னால் அது குறும்பு மட்டுமில்லை.

2004 இல் மதமாற்றத் தடைச் சட்டமூலம் வந்தபோது சபைகள் எல்லாமே எதிர்த்தன. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வைத்தவர்கள் கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் இரண்டு கத்தோலிக்க ஆலயங்களையும், மட்டக்களப்பில் சீயோன் என்ற சுயாதீன சபையையும் தாக்கினர். வத்திக்கான் 1972 முதல் பெந்தெகொஸ்தே சபையாரோடு உரையாடி வருகிறது. பங்கு மட்டத்தில் அந்த உரையாடலின் சுவடு மெல்லியது. குழந்தைத் திருமுழுக்கை அவர்கள் ஏற்காததால், இக்கட்டுரையின் முதற் பத்தியில் சொன்ன பொதுத் திருமுழுக்கு என்ற அடித்தளமே இங்கே கிடைப்பதில்லை.

எவை திறந்தபடி இருக்கின்றன

கத்தோலிக்கத்தின் அறுபதாண்டு ஈடுபாட்டை எப்படி மதிப்பிடுவது? திரும்பி வருதல் என்ற கொள்கை நடைமுறையில் மறைந்துவிட்டது. அதன் இடத்தில் எது என்பது இன்னும் தெளிவாகவில்லை. உரோமை ஆயரின் அதிகாரம் எல்லோரும் ஏற்கும் வடிவம் பெற முடியுமா என்று இரண்டாம் யோவான் பவுலே 1995 இல் மற்றச் சபைகளிடம் கேட்டார். அதுவரை வந்த பதில்களைத் தொகுத்து வத்திக்கான் ஓர் ஆய்வேட்டை வெளியிட 2024 ஆயிற்று. குருத்துவத் திருநிலைப்பாட்டின் செல்லுபடி, பெண்களின் திருநிலைப்பாடு, பொது நற்கருணை ஆகிய மூன்றும் யாழ்ப்பாணத்தில் முடிவுசெய்யக்கூடியவை இல்லை. மெதடிஸ்தரும் தென்னிந்தியத் திருச்சபையும் பெண்களைத் திருநிலைப்படுத்துவதால், சில வாசல்கள் 1964 இல் இருந்ததைவிட இப்போது ஒடுங்கியிருப்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் யாழ்ப்பாணத்தில் முடிவுசெய்யக்கூடியவையும் நிறைய உண்டு. கத்தோலிக்கக் குருமாணவர் 1976 இல் தொடங்கிய கொழும்புத்துறைப் புனித சவேரியார் பெரிய குருமடத்திலும், பழைய புரட்டஸ்தாந்து சபைகளின் இறையியல் மாணவர் பிலிமத்தலாவையில் 1963 இல் தொடங்கிய இலங்கை இறையியற் கல்லூரியிலும் தனித்தனியே படிக்கிறார்கள். ஒரு பாடத்தையாவது சேர்ந்து படித்தால் உரோமை தடுக்கப்போவதில்லை. கலப்பு மணத்துக்கு ஆயத்தமாகும் சோடிகளைக் குருவும் போதகரும் சேர்ந்து சந்திக்கலாம். திருமுழுக்கை ஒருவருக்கொருவர் ஏற்பதை எழுத்தில் உடன்படிக்கையாகச் செய்து, சுயாதீன சபைகளையும் அந்தப் பேச்சுக்கு அழைக்கலாம். வழிபாடு நடத்த இடமில்லாத ஒரு சபைக்குத் தன் ஆலயத்தைத் திறந்துவிட ஒரு பங்கு முன்வரலாம்.

இவற்றில் எதற்கும் புதிய சங்கமோ சுற்றுமடலோ தேவையில்லை. குருநகரில் குண்டு விழுந்த அதே 1993 இல் வத்திக்கான் வெளியிட்ட ஒன்றிப்பு வழிகாட்டி இவற்றுக்கெல்லாம் இடம் வைத்திருக்கிறது; பெரும்பாலானவற்றுக்கு மறைமாவட்ட ஆயரின் இசைவே போதும்.